டெஸ்ட் மாட்ச் பார்த்த பெட்டி

ஆளுயரக் கண்ணாடியோடு கடல் தாண்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, வழி நெடுகத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று சொல்லிக் கொழும்பிலிருந்து என்னை அனுப்பி வைத்தார் என் முதலாளி. கண்ணாடி வைக்கோலுக்குள் இருந்தது. வைக்கோல் மரக்கூட்டுக்குள் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் கூட்டின் மேல் கறுப்பு மையில் எழுதியிருந்த 'எளிதில் உடையும்' என்ற எச்சரிக்கையைத்தான். தலைமன்னாரில் ஏறிய கப்பலை அலை புரட்டியபோது, அந்த வாசகத்தைக் கூட்டில் எழுதியதற்குப் பதில் என் நெற்றியில் எழுதியிருக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் கடை சீமைச் சாமான் கடை. காரைக்குடியில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் நடுக்கூடத்துக்கு அந்தக் கண்ணாடி. கொண்டுபோய் மாட்டிவிட்டு வர ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, இருபது வருஷமாக எந்த வேலைக்கும் தானாக முன்வராத நான் முன்வந்தேன். அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்கும்.

காரணம், அந்தச் சனிக்கிழமை சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்து அணி நம்மவர்களோடு டெஸ்ட் மாட்ச் ஆட இருந்தது. கொழும்புக்காரன் கிரிக்கெட் பார்க்காதவன் அல்ல. ஆஸ்திரேலியாவுக்குப் போகிற அணிகள் வழியில் எங்கள் துறைமுகத்தில் இறங்கி ஒரு நாள் ஆடும். ஆனால் கப்பலில் நிலக்கரி ஏற்றி முடிந்ததும் சங்கு ஊதுவார்கள், ஆட்டமும் முடிந்துவிடும். உலகத்துப் பெரிய மட்டைக்காரர்களை எல்லாம் நான் பாதிப் பாதியாகத்தான் பார்த்திருக்கிறேன். லண்டனில் நம்மவர்கள் முதல் டெஸ்ட் ஆடியபோது பத்திரிகை ஆபீஸ் வாசலில் தந்திப் பலகையைப் பார்த்து நின்றே ஒரு ஜோடி செருப்பைத் தேய்த்தேன். இந்த நாற்பத்தைந்து வயதில் ஒரு டெஸ்டின் ஒரு நாளையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஒரே ஆசை. சென்னையில் ஒரு நண்பர் முதல் நாளுக்கு மட்டும் ஒரு பாஸ் வாங்கி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை நான் கடையில் இல்லாவிட்டால் முதலாளி வேறு ஆள் பார்ப்பார். ஆகச் சனிக்கிழமை ஒன்றே ஒன்றுதான் என் கையில்.

காரைக்குடி ஸ்டேஷனுக்குக் கார் வந்திருந்தது. கண்ணாடிக் கூட்டுக்குக் கார் கொள்ளவில்லை. அது மாட்டு வண்டியில் ஏறியது. அதைவிட்டுப் பிரிய எனக்கு மனமில்லை என்றேன். டிரைவர் காளிமுத்து மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே காரை உருட்டிக்கொண்டு வந்தார். டிராம் ஓடுகிற ஊரிலிருந்து வந்தவனைப் பெரிய காரில் உட்கார்த்தி மாட்டின் வேகத்தில் ஊர்வலம் விட்டார்கள். தெருவில் நின்றவர்கள் என்னைத்தான் உடையும் பொருள் என்று எண்ணியிருப்பார்கள்.

வீட்டைப் பற்றிச் சொன்னால் கொழும்பில் நம்ப மாட்டார்கள். என் வீடு முழுவதையும் தூக்கி அந்த வீட்டுச் சமையற்கட்டில் வைத்தால், சுற்றி நாலு பேர் தோசை சுட இடம் இருக்கும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து இழைத்த சுவர். அதில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது. இதற்கு மேல் கண்ணாடி எதற்கு என்ற கேள்வி வாய் வரை வந்தது. சாமான் விற்கிறவன் கேட்கிற கேள்வியா அது என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்குரிய செட்டியார் ரங்கூனில் இருந்தார். இங்கே எல்லாம் சிகப்பி ஆச்சிதான். ஐம்பது வயது இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தத் தேவையும் இருந்ததில்லை. இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி என்று இலை நிறைந்துகொண்டே போக, பாண் ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்த என் வயிறு முதலில் மிரண்டு, பிறகு பழகி, கடைசியில் வெட்கத்தை விட்டது. அந்த நேரம் பார்த்து ஆச்சி, எப்போது கிளம்புவதாக உத்தேசம் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றேன். அவ்வளவுதான், பரிமாறிய கை நின்றது.

"வெள்ளிக்கிழமை காலைல கண்ணாடிய மாட்டி மகாலட்சுமிய வீட்டுக்குள்ள கூப்பிடுறோம். அன்னைக்குச் சாயங்காலமே விருந்தாளிய வெளிய அனுப்பச் சொல்றீகளா?"

அப்படியானால் வியாழக்கிழமையே கண்ணாடியை மாட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். வியாழன் நவமி. புதன் அஷ்டமி; அன்று வடக்கே சூலம் வேறு. செவ்வாயும் வடக்கே சூலம். சென்னை வடக்கே இருப்பது என் குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆச்சி விரல் விட்டு எண்ணி, சனிக்கிழமை பேஷாகப் போகலாம் என்றார். அன்றைக்குக் காலையிலேயே நான் சென்னையில் இருந்தாக வேண்டும் என்றேன். சனிக்கிழமை என்னத்துக்கு அவ்வளவு அவசரம் என்று கேட்டார். சொன்னேன்.

"மட்டைய வச்சுப் பந்த அடிக்கிறதுதானே? அதுக்கா நாலு நாளு?"

ஆமாம் என்றேன். நாலு நாள் ஆடி யார் ஜெயிப்பார்கள் என்றார். சில சமயம் யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்றேன். காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம், அதற்கு ஒரு வழி இருக்கிறது, பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார்.

பரஸ்தானம் என்றால் இதுதான்: நாம் கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நேரத்தில் நம் பெட்டியை மட்டும், போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பெட்டி புறப்பட்டால் ஆள் புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் போனாலும் அது பாதிப் பயணம்தான், புதுப் பயணம் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் ரங்கூனுக்கும் சைகோனுக்கும் இப்படித்தான் கிளம்பியிருக்கிறார்கள். கப்பல் ஏறுவதற்கு எத்தனையோ நாள் முந்தியே பெட்டி அடுத்த தெருவில் கடல்கடந்து கிடக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை காலை நல்ல நேரம். எனக்கு யோசிக்க அவகாசம் இல்லை. என் தகரப் பெட்டியில் துணிமணியை அடுக்கி, ஆட்டத்துக்கென்று தைத்த கோட்டை மேலே மடித்து வைத்துப் பூட்டிக் கொடுத்தேன். காளிமுத்து தூக்கிக்கொண்டார். நான் பெட்டிக்குப் பின்னால் வாசல் வரைக்கும் போய், போய் வருகிறேன் என்று ஆச்சியிடம் சொல்லிக்கொண்டு, திரும்பி வந்து இரண்டாவது காப்பி குடித்தேன்.

காப்பி பாதியில் இருக்கும்போதுதான் நினைவு வந்தது. பாஸ் கோட்டுப் பையில் இருந்தது.

ஓடினேன். நாற்பத்தைந்து வயதில் என் உடம்பு ஓடுவதை ஓட்டம் என்று எந்த நடுவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பெட்டி போன இடம் செக்காலைப் பக்கம் ஆச்சியின் தம்பி சாத்தப்பச் செட்டியார் வீடு. அது ஆச்சி வீட்டுக்கு உண்மையிலேயே வடக்குதானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆச்சிக்கு இல்லை. சாத்தப்பர் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்து, ஓர் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாகப் பெட்டிகள். பினாங்குக்கு ஒன்று, ரங்கூனுக்கு இரண்டு, நடுவில் என்னுடையது. திறந்து ஒரு காகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நடுவழியில் பெட்டியை எப்படித் திறப்பது என்றார். பெட்டி அந்த நேரத்தில் எந்த வழியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாயும் புதனும் சாயங்காலமானால் செக்காலைக்கு நடந்துபோய், ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். மாற்றுத்துணி எல்லாம் அதற்குள் போய்விட்டதால் ஆச்சி வீட்டு வேட்டிதான் உடுப்பு. சரிகைக்கரை வேட்டியில் செட்டிநாட்டுத் தெருக்களில் நடந்தபோது எதிரே வந்த ஒருவர், என்னையும் ஒரு செட்டியாராக எண்ணி, நான் எந்தக் கோயிலைச் சேர்ந்தவன் என்று விசாரித்தார். சேப்பாக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை போனபோது என் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. என் நெஞ்சும் அப்படியே ஆனது. சாத்தப்பர் ஊஞ்சலில் ஆடியபடியே விளக்கினார்.

"மூணு ராத்திரிக்கு மேல ஒரே எடத்துல கெடந்தா பயணம் செத்துப்போகும். அதான் இன்னும் கொஞ்சம் வடக்க, வலையபட்டிக்கு அனுப்பிச்சிட்டேன். எம் பொஞ்சாதி வீடு. கவலைப்படாதீக, நல்லாப் பாத்துக்குவாக."

பெட்டியை அவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. பிரச்சினையே அதுதான். எங்கள் ஊரில் இப்படி ஒருவர் பெட்டியை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனால் போலீஸைக் கூப்பிடலாம். இங்கே நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி ஏறியது. ஆறு பேர் தூக்கினார்கள். நான் உரக்கப் பயந்தேன். கீறல் இல்லாமல் சுவரில் நின்றதும் ஆச்சி குங்குமம் வைத்து, விளக்கேற்றி, முதலில் என்னைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியில் சரிகை வேட்டி கட்டிய, வியர்வையில் நனைந்த, கண் பிதுங்கிய ஒரு மனிதர் தெரிந்தார். இவர் டெஸ்ட் மாட்ச் பார்க்கப் போகிறவர் மாதிரி இல்லையே என்று நினைத்தேன்.

காளிமுத்து என்னை வலையபட்டிக்கு ஓட்டினார். பெரிய வீட்டின் பெரிய வாசலில் சாத்தப்பரின் மாமியார் எதிர்கொண்டு, சாப்பிட வாங்க என்றார். பெட்டி எங்கே என்றேன்.

"மெட்ராஸுக்குத்தானே போறீக? எங்க சின்ன மாப்பிள்ளை ரங்கூன் கப்பலுக்கு இன்னைக்குத்தான் கெளம்புனாக. ஒங்களுக்குச் சுமை எதுக்குன்னு கையோட கொண்டுபோய்ட்டாக. மண்ணடி ஆபீசுல வாங்கிக்கிடுங்க."

அவர்கள் குடும்பத்துக்குச் சென்னை மண்ணடியில் ஓர் ஆபீஸ். கப்பலேறுகிறவர்கள் எல்லாம் தங்குகிற இடம். ஆக என் பெட்டி என்னைவிட அதிகமாக யோசித்து நடந்துகொண்டிருந்தது. திருச்சிக்கு விரைந்தால் இரவு ரயிலைப் பிடித்துவிடலாம். ஆனால் சாப்பிடாமல் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. கவுனி அரிசிப் பொங்கல் ஒன்றே போதும், ரயில்வே அட்டவணையை மறக்கடிக்க. கையில் கடிகாரம், இலையில் அமிர்தம்.

புதுக்கோட்டைக்கு முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயரைப் போட்டார் காளிமுத்து. புதுக்கோட்டையைத் தாண்டியதும் அதுவும் வெடித்தது. ரோட்டோரப் புளியமரத்தடியில் நான் அங்கும் இங்கும் நடந்தேன். ஓடியே போய்விடலாமா, சைக்கிள் வாங்கலாமா, அந்த வயலில் மேய்கிற குதிரை யாருடையது என்றெல்லாம் கேட்டேன். அது கழுதை என்றார் காளிமுத்து, ஒட்டுப் போட்டுக்கொண்டே. அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி சிறிதும் இல்லை. ஒட்டுப் போட்டு முடித்தபோது, திருச்சி ரயில் புறப்பட்டிருக்கும் என்று நிதானமாகச் சொன்னார். வண்டியைத் திருப்பினோம்.

நான் மறுபடி வாசலில் நின்றதும் ஆச்சி என்ன என்று கேட்கவில்லை. என் முகத்திலேயே இருந்திருக்கும். நான்தான் சொன்னேன்: பெட்டி சென்னைக்குப் போய்ச் சேரும், நான் போகவில்லை, பாஸ் ஒரே நாளைக்கு, ஞாயிறு நான் தனுஷ்கோடி வண்டி ஏறியாக வேண்டும், இனிமேல் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். வேடிக்கையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அதில் வேடிக்கை இல்லை.

ஆச்சி, பெட்டி எந்த இடத்துக்கென்று புறப்பட்டது, சென்னைக்கா, அந்த மைதானத்துக்கா என்று கேட்டார். மைதானத்துக்குத்தான் என்றேன்.

"அப்ப அது மைதானம் போய்ச் சேரணும். நல்ல நேரத்துல கெளம்புன பெட்டி அந்தரத்துல நிக்கக்கூடாது. ஆளு போகலைன்னா என்ன, பயணம் முடியணும்ல."

தம்பி சாத்தப்பரைக் கூப்பிட்டார். மண்ணடி ஏஜெண்டு ராமநாதனுக்கு அன்றே அவசரத் தந்தி போனது: பூட்டை உடை, கோட்டுப் பையில் பாஸ் இருக்கிறது, அதைக் கொண்டு ஆட்டத்துக்குப் போ, மணிக்கொரு தந்தி கொடு. ஆச்சி கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பெட்டியை விட்டுப் பிரியாதே.

சனிக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்நேரம் நாணயம் சுண்டியிருப்பார்கள் என்று எண்ணியபடி நான் கூடத்தில் கண்ணாடிக்கு எதிரே நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். முதல் தந்தி வந்தது. ராமநாதன் வாழ்நாளெல்லாம் தந்தியில் அரிசி விலை அனுப்பிப் பழகியவர். இங்கிலீஷில் வந்ததைத் தமிழில் சொன்னால்: "வெள்ளைக்காரர் மட்டை. மார்க்கெட் நிதானம். அசைவில்லை."

அடுத்ததும் அப்படியே. அசைவில்லை. அதற்குள் தெருவில் அசைவு கண்டுவிட்டது. தந்திச் சேவகன் ஒரே வீட்டுக்கு ஒரே காலையில் இரண்டு முறை சைக்கிளில் வந்தால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரங்கூனில் நாள் சரியில்லாத காலம். எதிர்வீட்டு ஆச்சி முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். யார் போனது என்று கேட்கக் கூசி, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அழுதுவிடுகிற நிலைமையில்தான் இருந்தேன். அதனால் அவர்கள் சந்தேகம் உறுதியானது.

சிகப்பி ஆச்சி சொல்ல வேண்டியிருந்தது: யாரும் போகவில்லை, வெள்ளைக்காரன் இன்னும் விழவில்லை, அதுதான் துக்கம்.

விளக்கம் கேட்டவர்களுக்கு நான் விளக்கினேன். ஒரு பணியாரக் குச்சி மட்டையானது, எலுமிச்சம்பழம் பந்தானது, மூன்று குத்துவிளக்குகளை நிறுத்த வேண்டும் என்றேன், அதற்கு மட்டும் ஆச்சி சம்மதிக்கவில்லை. மூன்று முறுக்குக் குழல்கள் விக்கெட்டாயின. சாப்பாட்டுக்குப் பிறகு வந்த தந்தியைச் சாத்தப்பர் பிரித்து வாசித்தார்: "ஒன்று விழுந்தது. போக்கு இறக்கம்."

எதிர்வீட்டு ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார். எந்தச் சாமியை என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த தந்திகளில் விழுந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் ஒரே ஆள் வீழ்த்துகிறார் என்று எழுதியிருந்தார் ராமநாதன், நம் வேகப் பந்துக்காரர். எந்த ஊர்ப் பிள்ளை, அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்கள். தந்திச் சேவகன் உறையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றான். காளிமுத்து டயரை மறந்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பந்தை ஒரு தடவைகூடப் பார்க்காத முப்பது பேர், ஒரு மனிதனின் பந்துவீச்சுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்தயத்தை முழுதாகப் பார்க்காதவர்கள் வரிசையில் என் பக்கத்தில் இவ்வளவு பேர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நானும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அது காலையில் துக்கத்தில் வைத்த கை இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கடைசித் தந்தி வந்தது. சொல்லுக்குச் சொல் காசு என்று வாழ்ந்த ராமநாதன் அன்றைக்கு மட்டும் தாராளமாக எழுதியிருந்தார். சாத்தப்பர் வாசித்தார்: "இன்றைய ஆட்டம் முடிந்தது. பெட்டி பத்திரம். உத்தரவுப்படி பிரியவில்லை. வாசலில் பெட்டிக்கும் பாஸ் கேட்டார்கள். உட்காரும் பலகை என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் நாள் முழுதும் அதன்மேலேயே உட்கார்ந்து பார்த்தேன். டிக்கெட் வாங்கி நாளைக்கும் போகலாமா?"

கூடம் முழுதும் ஆச்சியைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். பெட்டி உங்களுடையது, நீங்களே சொல்லுங்கள் என்பது அந்தப் பார்வை.

நாலு நாளும் போகட்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் தெற்கே புறப்பட்டேன். கையில் ஒரு குடை தவிர ஒன்றும் இல்லை. காலையிலேயே அந்தக் குடையை ஆச்சி கேட்பதற்கு முன் நானே எடுத்துக் காளிமுத்துவிடம் கொடுத்து, தெற்குப் பக்கம் உள்ள ஏதாவது ஒரு வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். ஆச்சி உள்ளே போய் ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை கடையில் இருந்தேன். அந்த டெஸ்டில் நம்மவர்கள் தோற்றார்கள். அதைத் தந்திப் பலகையின் முன் நின்றுதான் தெரிந்துகொண்டேன், வழக்கம்போல. பெட்டி சில வாரம் கழித்துக் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. பூட்டு இல்லை, கயிறு கட்டியிருந்தது. மூடி நடுவில் ராமநாதன் அளவுக்குப் பள்ளம். கோட்டுப் பையில் கிழித்த பாஸ் பத்திரமாக இருந்தது.

இப்போது நண்பர்கள் கூடி, யார் எந்த ஆட்டத்தை நேரில் பார்த்தோம் என்று பெருமை பேசினால் நான் பெட்டியை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன். பள்ளம் எனக்கும் சரியாகப் பொருந்துகிறது. எங்கள் வீட்டில் டெஸ்ட் மாட்சை முழுதாகப் பார்த்தது அது ஒன்றுதான். பூட்டு போன பிறகும் அதைப் பற்றி அது வாயைத் திறந்ததில்லை.